புதுப்பிப்பு: படத் திருத்தத்துக்கும் கேமிங்குக்கும் ஒரே மானிட்டர்

பாம்பன் கடற்கரைப் படங்களைத் திருத்தவும் கேம் ஆடவும் இருபதாயிரம் ரூபாய்க்குள் ஒரே மானிட்டர் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. கறுப்பை ஆழமாகக் காட்டினாலும் பக்கவாட்டில் நிறம் மாறும் விஏ வகைத் திரையைத் தவிர்த்து, நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகையை எடுக்கச் சொன்ன மண்டபம் அண்ணனின் யோசனையே கைகொடுத்தது. 27 அங்குலம், 2560×1440 புள்ளிகள், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் வேகம்) கொண்டதை வாங்கினேன். எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற அளவுகோல்) நிலையில் வைத்தால், கரையோர நீரின் இளம்பச்சை ஆழ்நீலமாக மாறும் இடம் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகத் தெரிகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறுவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: என் கணினியின் எச்டிஎம்ஐ 1.4 என்ற பழைய வகை இணைப்பு வழியாக இணைத்தபோது 60 ஹெர்ட்ஸ்தான் கிடைத்தது. டிஸ்பிளேபோர்ட் கேபிளுக்கு மாறி, விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பிலும் 144-ஐத் தேர்ந்தெடுத்த பிறகே முழு வேகம் வந்தது. எஸ்ஆர்ஜிபி நிலையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இந்த மாடல் இடம் தருவதில்லை என்பதால், கேமுக்குத் தனி நிலை வைத்திருக்கிறேன். இருட்டறையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரிவது உண்மை. நிறத்தை நம்ப வேண்டிய வேலைக்கு அதை நான் ஏற்றுக்கொள்வேன்.