மறு: கண்ணாடியாகும் நீர்மங்கள்: ‘நெருக்கல் மாதிரி’யா, ‘ஒதுக்கல் மாதிரி’யா?

> குளிரும் நீர்மத்தின் பாகுநிலை (viscosity) ஏன் செங்குத்தாக ஏறுகிறது என்பதை விளக்க, 1996இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட பல்கலைக்கழகத்தார் முன்வைத்த ‘shoving model’ என்ற மாதிரிக்குத் தமிழில் ‘நெருக்கல் மாதிரி’ எனலாமா? மூலக்கூறு அக்கம்பக்கத்தை நெருக்கித்தானே நகர்கிறது?

வணக்கம் ஐயா,

‘நெருக்கல்’ என்றதும் மாணவர் மனம் அமுக்கத்துக்கும் பருமக் குணகத்துக்கும் (bulk modulus, பருமன் மாற்றத்தை எதிர்க்கும் அளவு) போய்விடும். மாதிரியின் உயிர்நாடியோ அதற்கு நேர்மாறு. நடுவில் ஒரு சிறு கோளம் விரிகிறது என்று வையுங்கள். சுற்றிலும் உள்ள ஒவ்வொரு புள்ளியும், தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வெளியே நகரும். அந்த நகர்வில் எந்தத் துணுக்கின் பருமனும் மாறாது. வடிவம் மட்டுமே மாறும். ஆகவே ஆற்றற்செலவைத் தீர்மானிப்பது, வடிவ மாற்றத்தை எதிர்க்கும் அளவான விறைப்புக் குணகம்தான் (shear modulus).

கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு போகிறவர் யாரையும் நசுக்குவதில்லை. மூலக்கூறு ஒதுக்குகிறது, சுற்றியிருப்பவை ஒதுங்குகின்றன. பிறவினையும் தன்வினையும் ஒரே வேரில் கிடைப்பது நமக்கு வாய்த்த கொடை. ‘உந்தல்’ உந்தத்தோடு மோதும். ‘விலக்கல்’ விலக்குப் பருமனோடு (excluded volume, ஒரு மூலக்கூறு பிறவற்றுக்கு இடமில்லாமல் செய்யும் பருமன்) குழம்பும்.

என் பரிந்துரை: ஒதுக்கல் ஆற்றல், ஒதுக்கற்பருமன். கிளர்வு ஆற்றல் (மூலக்கூறு நகரத் தாண்டவேண்டிய தடுப்பு) = கணநேர விறைப்புக் குணகம் × ஒதுக்கற்பருமன்.

சொல்லைக் கணக்கில் ஓட்டிப் பார்ப்போம். கண்ணாடி நிலைமாற்றம் 200 கெல்வின், அங்கே தளர்வு நேரம் (குலைந்த நீர்மம் மீண்டும் சமநிலைக்கு வர ஆகும் காலம்) 100 நொடி, தொடக்க நேரம் (தடுப்பே இல்லாவிட்டால் ஆகும் காலம்) 10⁻¹⁴ நொடி, குணகம் 1 கிகாபாஸ்கல் என்க. தடுப்பு ஏறத் தளர்வு நேரம் அடுக்குக்குறியாக ஏறும். தடுப்பு வெப்ப ஆற்றலைப் போல் 37 மடங்கு. ஒதுக்கற்பருமன் சுமார் 0.1 கன நானோமீட்டர். 220 கெல்வினில் குணகம் மாறாதிருந்தால் தளர்வு நேரம் 3.5 நொடி. 20 விழுக்காடு குறைந்திருந்தாலோ 4 மில்லிநொடி! குளிரக் குளிரக் குணகம் ஏறுவதே பாகுநிலை செங்குத்தாக ஏறக் காரணம் என்று மாதிரி சொல்வது இதைத்தான்.

---

> ஒதுக்கற்பருமன்

ஏற்கிறேன் அம்மா. ‘ஒதுக்கீடு’ நினைவுக்கு வரும் என்று முதலில் தயங்கினேன். விகுதி வேறு என்பதால் குழப்பம் வராது.

‘கணநேர’ என்ற அடைமொழியை மட்டும் யாரும் சுருக்கிவிட வேண்டாம். நீர்மத்தின் நிலையான விறைப்புக் குணகம் சுழியம். தளர்வு நேரத்தைவிட மிகக் குறுகிய காலத்தில் அசைத்தால்தான் அது திண்மம்போல் எதிர்க்கும். 200 கெல்வினில் ஒரு கிலோஹெர்ட்ஸ் அதிர்வே தாராளம். வெப்பநிலை ஏறித் தளர்வு நேரம் நானோநொடிக்கு இறங்கினால் கிகாஹெர்ட்ஸ் அளவீடுகூடக் குணகம் நிலைத்து நிற்கும் சமதளத்தைத் தொடாது. குணகம் குறைவாகவே கிடைக்கும், ஒதுக்கற்பருமன் வெப்பநிலையோடு மாறுவதுபோல் பொய்யாகத் தெரியும். அருஞ்சொற்பட்டியலில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.