ஆனி மாத விதைத் திருவிழா: தென்னந்தோப்பா, மண்டபமா?

விதைக்கூடை (இந்த இணைய விவாதத் திரியைத் தொடங்கியவர்), வியாழன் காலை
அனைவருக்கும் வணக்கம். ஆடிப்பட்டத்துக்கு முன்பாக, ஆனி மாதக் கடைசி ஞாயிறன்று, பொள்ளாச்சி வட்டாரத்தில் எங்கள் குழு ஒரு நாட்டு விதைத் திருவிழாவை நடத்தவிருக்கிறது. உடுமலை, தாராபுரம், பல்லடம், கோவைப் பக்கங்களிலிருந்து 600 பேர் வரை வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். விதைக் கடைகள் 40. காலையில் பேச்சு, மதியம் சிறுதானியச் சாப்பாடு, மாலை 5 மணிக்கு முடிந்துவிடும். இடங்கள் இரண்டு கைவசம் உள்ளன. ஒன்று, பொள்ளாச்சியிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி ஆனைமலைப் பக்கம் உள்ள, உறுப்பினர் ஒருவரின் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு, வாடகை கிடையாது. மற்றொன்று, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய குளிர்சாதனக் கல்யாண மண்டபம். வாடகை 60,000 ரூபாய், மின்சாரத்துக்கு மீட்டர் ஓடுகிறபடி தனிக் கட்டணம். மண்ணுக்கும் நீருக்கும் கேடு குறைவான இடம் எதுவோ அதையே எடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். புதன்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்பதால் கருத்துகளைத் தயங்காமல் எழுதுங்கள்.

தோப்புக்காரன், வியாழன் காலை
இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவையும் சாமையையும் பற்றிப் பேசுவதற்குக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்திருப்பது நமக்கே கூச்சமாக இராதா? தோப்பில் நிழல் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கீத்துப் பந்தல் போட ஆளும் ஓலையும் அங்கேயே கிடைக்கும்; இலைகளையும் காய்கறிக் கழிவையும் அங்கேயே உரக்குழியில் கொட்டி மூடிவிடலாம். மண்டபத்திலோ ஒவ்வோர் இலைக்கும் ஒரு 300 மில்லி தண்ணீர்ப் பாட்டிலை வைப்பார்கள்; போன தை மாதம் ஓர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன், எங்கள் வரிசையில் இருந்த 24 பாட்டில்களில் 17 பாதிகூடக் குடிக்கப்படாமல் கூடைக்குப் போயின. 2019 சனவரி முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் தண்ணீர்ப் பாக்கெட் இருக்கிறது, பாட்டில் இல்லை. அந்த ஓட்டையில்தான் மண்டபங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பல்லடம் வாசி, வியாழன் மாலை
தோப்புக்கார அண்ணா மன்னிக்க வேண்டும்; தென்னை மரம் நிற்கிறது என்பதற்காகவே ஓர் இடம் சூழலுக்கு உகந்ததாகிவிடாது, அங்கே 600 பேர் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தோப்புக்கு நேரடிப் பேருந்து இல்லை. இறங்கிய பிறகும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்படியானால் மூட்டையோடு வருகிறவர் எவரும் பேருந்தில் வர மாட்டார். 90 கார்கள், 120 இருசக்கர வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். பொள்ளாச்சியைத் தாண்டிப் போய்வர 28 கிலோமீட்டர். காருக்கு லிட்டருக்கு 15, வண்டிக்கு 45 என்று போட்டால், கூடுதலாக எரிவது ஏறக்குறைய 240 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்றால் 550 கிலோவுக்கு மேல் வருகிறது. மண்டபத்தில் 50 டன் திறனுள்ள குளிர்சாதனம் எட்டு மணி நேரம் ஓடினால் 480 யூனிட் ஆகும், யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று பார்த்தாலும் 340 கிலோவைத் தாண்டாது. தோப்பில் ஒலிபெருக்கிக்கும் மின்விசிறிக்கும் ஜெனரேட்டர் வைப்பீர்கள் அல்லவா? 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரன், வியாழன் இரவு
கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் அடிப்படையே தவறு. வருகிறவர்கள் எல்லோரும் பொள்ளாச்சி பேருந்து நிலையத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஆனைமலை வர வேண்டும் என்று யார் சொன்னது? உடுமலைப் பக்கத்திலிருந்து காரில் வருகிறவருக்குக் குறுக்குச் சாலை இருக்கிறது. ஆனைமலை, கோட்டூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குத் தோப்புதான் கிட்டத்தில். உங்கள் 28 கிலோமீட்டரைப் பாதியாக்கிப் பாருங்கள். 275 கிலோவுக்கு இறங்கிவிடும், மண்டபத்தின் குளிர்சாதனக் கணக்கு அதைத் தாண்டி நிற்கும். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு வாடகைப் பேருந்துகளை நாள் முழுவதும் ஓடவிட்டால் இன்னும் குறையும். ஒலிபெருக்கிக்குப் பண்ணை வீட்டு இணைப்பே போதும், ஜெனரேட்டர் தேவைப்படாது.

கொள்ளுப்பருப்பு, வெள்ளி காலை
கரியமில வாயுவை ஆண்கள் இருவரும் பங்கு பிரித்துக்கொண்டிருப்பதால், யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன்: தோப்பில் கழிப்பறை எத்தனை? நான் அந்தத் தோப்புக்கு ஒருமுறை வந்திருக்கிறேன். பண்ணை வீட்டில் ஒன்று, பம்புசெட் அறைக்குப் பின்னால் கதவு சரியாகச் சாத்தாத ஒன்று. விதைக் கடை போடுகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். காலை 6 மணிக்கு வந்து மாலை வரை இருக்கிறவர்கள். நடமாடும் கழிப்பறையை வாடகைக்கு எடுப்போம் என்பீர்கள். அதன் கழிவு எங்கே போய்ச் சேரும் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பம்புசெட் கழிப்பறையின் குழி, குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போகிற கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளித்தான் இருக்கிறது. ஒரே நாளில் 600 பேரின் கழிவு அங்கே இறங்கினால் கேடு அந்தக் கிணற்றுக்கு மட்டும் இல்லை, தோப்பை ஒட்டி ஓடும் பழைய ஆயக்கட்டுப் பாசன வாய்க்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் நெல் நடுகிறார்கள்.

களத்துமேடு, வெள்ளி மதியம்
நான் தோப்புக்கு எதிரி இல்லை, எனக்கும் 200 மரங்கள் இருக்கின்றன. ஆனால் மாதம் ஆனி என்பதை எல்லோரும் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நேராக நம் வட்டாரத்துக்குள்தான் நுழைகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அதற்குச் சில நாள் முந்திய காற்றில் கீத்துப் பந்தல் நிற்கும் என்று எவரும் எழுதிக்கொடுக்க மாட்டார். மரத்தடியில் நாற்காலி போடுவதும் அப்படித்தான். முன்கூட்டியே காய் பறித்துவிடலாம், காய்ந்த மட்டையையும் குரும்பையையும் ஒன்றுவிடாமல் தட்டிவிட முடியுமா? என் தோட்டத்தில் மரமேறும் பெரியவரிடம் இதைக் கேட்டதற்கு, "காய் என்னங் சொல்லிப்போட்டா விழுகும்?" என்று திருப்பிக் கேட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதலில் தென்பட்டது 2016-ல், நம் பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஈ தாக்கிய மரத்தடியில் ஒரு வெள்ளை நாற்காலியைப் போட்டுவிட்டுச் சில நாள் கழித்துத் தொட்டுப் பாருங்கள்; தேன்போன்ற கசிவு பிசுபிசுக்கும், அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து கையில் கரி ஒட்டும். அந்தப் பிசின் சொட்டுகிற இடத்தில் விதைகளைத் திறந்து பரப்பி வைப்பதா? போதாக்குறைக்கு வேர்வாடல் நோய் ஆனைமலைப் பக்கம் பரவிக்கிடக்கிறது. நோயுள்ள வட்டாரத்துத் தோப்பில் கூட்டம் கூட்டினால், திரும்புகிறபோது ஆளுக்கொரு தென்னங்கன்றைத் தூக்கிப்போவார்கள். தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் ஈயையும் நோயையும் நாமே வண்டியேற்றி அனுப்பியதாகும். காற்றோடு சாரலும் வந்துவிட்டால் விதை ஈரம் வாங்கும். ஈரம் வாங்கிய விதையை வாங்கிப்போனவர் ஆடியில் முளைக்கவில்லை என்று நம்மைத்தான் கேட்பார்.

தோப்புக்காரன், வெள்ளி இரவு
கன்று விற்பனையைத் தடுத்துவிடலாம், அது பெரிய காரியம் இல்லை. கழிப்பறை விஷயத்தில் அக்கா சொல்வது சரிதான், அந்தக் குழியை நானும் பார்த்திருக்கிறேன். அதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். காற்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இவை தோப்பின் குறைகளே ஒழிய மண்டபத்தின் சிறப்புகள் அல்ல. அந்த மண்டபத்தில் சமையல் அவர்கள் காட்டுகிற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர்களிடம் கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் கேட்டால் செய்வார்களா, அல்லது பன்னீர் பட்டர் மசாலாவைத்தான் வைப்பார்களா? காபிக்கு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைதான் வரும்; அது தடைப் பட்டியலில் இருந்தும் எல்லா மண்டபத்திலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, பல்லடத்துத் தம்பிக்கு: குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டால் கணக்கு சரியாகும் என்று அடுத்ததாகச் சொல்வீர்கள். குளிர்சாதனத்துக்காகவே கட்டிய மண்டபத்தில் சன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்துவைத்திருப்பார்கள். அதை நிறுத்தினால் அரைமணி நேரத்தில் கூட்டம் வேர்த்து வெளியே வந்துவிடும்.

பல்லடம் வாசி, சனி காலை
அடுத்ததாக அதைத்தான் சொல்ல இருந்தேன். ஆனியில் பொள்ளாச்சிக்குக் குளிர்சாதனம் எதற்கு? சன்னல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, நேரில் பார்த்தால்தான் தெரியும். உங்கள் பாதிக் கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படி ஒப்புக்கொண்டால் வழக்கு முழுவதும் அந்த 480 யூனிட்டில் வந்து நிற்கிறது. அதை எடுத்துவிட்டால், கோவையிலிருந்து ரயிலிலும், உடுமலை, தாராபுரத்திலிருந்து பேருந்திலும் வந்து இறங்கி நடந்தே வந்துவிடக்கூடிய இடத்தோடு எந்தத் தோப்பும் போட்டி போட முடியாது. பேருந்து வசதி இல்லாமல்தான் காரில் வருகிறார்கள் நம் மக்கள். இருந்தால் பாதிப் பேராவது பேருந்தில் வருவார்கள் என்றே நம்புகிறேன்.

களத்துமேடு, சனி காலை
மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறேன். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலக் கொட்டகை, உலர்களம் எல்லாம் இருக்கின்றன. நாலு பக்கமும் காற்று வரும். விவசாயிகளுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏலம் இல்லாதபோது கேட்டுப் பார்க்கலாமே?

கொள்ளுப்பருப்பு, சனி மதியம்
கொப்பரை மூட்டை அடுக்குகிற இடத்தில் நாட்டு விதையை வைத்தால் வண்டும் அந்துப்பூச்சியும் இலவசமாக ஏறிக்கொள்ளும். விற்பனைக்குழுவின் அனுமதிக்குக் கடிதம் கொடுத்துக் காத்திருக்கப் புதன்கிழமை வரை நாள் போதாது. வரும் ஆண்டுக்கு வேண்டுமானால் தையிலேயே கேட்டு வையுங்கள்.

விதைக்கூடை, ஞாயிறு மாலை
இன்று மண்டபத்துக்கு நானும் இன்னொருவரும் நேரில் போய்வந்தோம். திரைச்சீலைகளை விலக்கிப் பார்த்தால் பின்னால் 16 சன்னல்கள் இருக்கின்றன. நல்லவேளையாகக் கண்ணாடியை ஒட்டி அடைக்கவில்லை. ஆனால் திறந்தவை நான்குதான். மற்றவை வருடக்கணக்கில் திறக்காமல் கீல்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. எண்ணெய் விட்டுத் திறந்து கொடுப்பதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். குளிர்சாதனம் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், வாடகையைக் குறைக்கச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான். கழிப்பறை பெண்களுக்கு ஆறு, ஆண்களுக்கு ஐந்து. பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது. பந்தி மண்டபம் கீழே திறந்த நிலையில் இருப்பதால் விதைக் கடைகளை அங்கே வைத்து, சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் பின்புறக் கொட்டகையில் போடலாம். சமையலுக்கு வெளியாளைக் கொண்டுவர 5,000 ரூபாய் கூடுதல் என்றார். பேசி 3,000-க்கு இறக்கினோம். தண்ணீருக்கு மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் வாடகைக்கு எடுக்கிறோம். பாட்டில் எவர் கையிலும் ஏறாது.

தோப்பில் நடத்தியிருந்தால் இன்னொரு வேலையும் இருந்திருக்கும்: திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி, உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டுவதானால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மண்டபத்திலும் பிரித்தே கொடுக்கப்போகிறோம். எச்சில் இலைகளை மாட்டுக்குப் போடலாம் என்று ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். சோறு அளவுக்கு மீறினால் மாட்டுக்கு வயிறு உப்பிச் செரிமானம் கெட்டுவிடும் என்பதால் உரக்குழிக்கே அனுப்புகிறோம். குழிக்கு இடம்தான் இன்னும் முடிவாகவில்லை.

தோப்புக்காரன், ஞாயிறு இரவு
குழிக்கு என் தோப்பு இருக்கிறது, வண்டி மட்டும் அனுப்புங்கள். பந்திக்கு இலையும் எங்கள் தோட்டத்து வாழையிலேயே 700 அறுத்துத் தருகிறேன். ஆனால் அன்றைக்கு யாராவது வேர்க்கிறது என்று சொல்லிக் குளிர்சாதனப் பொத்தானில் கை வைத்தால், இலைக்கட்டைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிடுவேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.