கோச் போய்விட்டால், கையெழுத்துப் போட்ட பையனும் போகலாமா?

பிளிட்ஸ்வேலன்:
அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், பள்ளிப் பையன்கள் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடும் 2025 டிசம்பர் கையெழுத்து வாரத்தைப் பார்த்த பிறகும், "பையன் ஒப்பந்தம் போடுவது கல்லூரியோடு, கோச்சோடு இல்லை" என்று சிலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தேதிகளைப் பாருங்கள். அக்டோபர் 12 அன்று பென் ஸ்டேட் கல்லூரி, தலைமைக் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்குகிறது. நவம்பர் 17 அன்று அவர் வர்ஜீனியா டெக் கோச் ஆகிறார். டிசம்பர் 3 முதல் 5 வரை கையெழுத்துக் காலம். பென் ஸ்டேட்டுக்குக் கிடைத்தது இரண்டே கையெழுத்து. வாய்வாக்குக் கொடுத்திருந்த பலர் ஃபிராங்க்ளின் பின்னால் வர்ஜீனியா டெக் போய்விட்டார்கள். புதிய கோச் மேட் கேம்ப்பெல் முடிவானது டிசம்பர் 5-இல்தான்.

அதே வாரம் மிசிசிப்பி கல்லூரியின் கோச் லேன் கிஃபின். 11 வெற்றி, 1 தோல்வி, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் இடம் கையில். நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.) போவதாக அறிவிக்கிறார். புதன்கிழமை கையெழுத்து. 17, 18 வயதுப் பையனுக்கு யோசிக்க மூன்று நாள்.

நான் கேட்பது இதுதான்: கையெழுத்துப் போட்ட பையன் வகுப்பில் சேர்வதற்கு முன்பே தலைமைக் கோச் போனால், அந்தக் கையெழுத்து தானாகவே ரத்தாக வேண்டும். அங்கேயே இருக்க விருப்பமென்றால் மறுபடி போட்டுக்கொள்ளட்டும்.

நான்காவது டவுன்:
வேலன், நீங்கள் கொடுத்த இரண்டு உதாரணமும் உங்கள் கோரிக்கைக்குப் பொருந்தவில்லை. இரண்டு இடத்திலும் கோச் போனது கையெழுத்துக்கு முன்பு. பையன்கள் சுதந்திரமாகத்தான் இருந்தார்கள், விரும்பிய இடத்துக்குப் போனார்கள். வாய்வாக்கு யாரையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது.

கையெழுத்துக்குப் பிறகு தானாக ரத்து என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாக வருமானப் பங்கு தர வழிவிட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பான 85 போய், ரோஸ்டருக்கே (அணியின் மொத்த ஆள் பட்டியலுக்கே) 105 என்ற வரம்பு வந்தது. முன்பெல்லாம் சொந்தச் செலவில் ஆடும் வாக்-ஆன்களையும் சேர்த்து 120 பேருக்கு மேல்கூட வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது ஒவ்வொரு இடமும் எண்ணி நிரப்பப்படுகிறது. டிசம்பரில் 20 பேர் கையெழுத்திட்டார்கள் என்று நம்பித்தான் ஜனவரி போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) எத்தனை பேரை எடுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அந்த 20 ஒரே இரவில் பூஜ்யமானால், அணியில் மீதமிருக்கும் 80 சொச்சம் பேரின் சீசனும் சேர்ந்து போகும்.

சிறிய கல்லூரிகளின் நிலைமை இன்னும் மோசம். 2023 இறுதியில் கோச் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து இண்டியானா போனபோது 13 பேர் கூடவே போனார்கள். உங்கள் விதி வந்தால் கையெழுத்திட்ட புதுப் பையன்களையும் அப்படியே அள்ளிக்கொண்டு போவார்கள்.

பிளிட்ஸ்வேலன்:
ஜேம்ஸ் மேடிசன் அழிந்துவிடவில்லையே டவுன் அண்ணா. பாப் செஸ்னி வந்தார், 2024-இல் 9 வெற்றி, 2025-இல் சன் பெல்ட் லீக் பட்டம், பிளேஆஃப் வரைக்கும் போனார்கள். ஒழுங்காக நடத்தப்படும் கல்லூரி ஒரு வகுப்பு போனாலும் எழுந்து நிற்கும். 18 வயதுப் பையனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு இருப்பது ஐந்து ஆண்டில் நான்கு சீசன்.

கையெழுத்துக்குப் பிந்தைய உதாரணம் வேண்டுமென்றால் 2018-இல் டெம்பிள் கல்லூரி. டிசம்பர் தொடக்கத்தில் ஜெஃப் காலின்ஸ் டெம்பிளை விட்டு ஜார்ஜியா டெக் போகிறார். மயாமியிலிருந்து மேனி டயஸ் வருகிறார். அவரை நம்பி டிசம்பர் 19 முதல் பையன்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். டிசம்பர் 30 அன்று மயாமியில் மார்க் ரிக்ட் ஓய்வு பெறுகிறார், அன்றே டயஸ் மயாமிக்குத் திரும்பிவிட்டார். டெம்பிளில் மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிறகு நார்தர்ன் இலினாயிலிருந்து ராட் கேரி வந்தார். ஒரே கையெழுத்து, ஒரு மாத இடைவெளியில் மூன்று தலைமைக் கோச்.

அப்போது நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட், அதாவது பையனை ஒரு கல்லூரியோடு கட்டிவைக்கும் படிவம், நடைமுறையில் இருந்தது. கல்லூரி விடுவிக்காமல் வேறு இடத்துக்குப் போனால் ஓராண்டு ஆட முடியாது, ஒரு சீசன் தகுதியும் போய்விடும். டயஸுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

ஃபிலிம்ரூம்:
டெம்பிளோடு நிறுத்திவிட்டீர்கள். அதே சங்கிலியின் இன்னொரு முனையான ஜார்ஜியா டெக்கைப் பாருங்கள், பாதிப்பு எங்கே விழுகிறது என்று அங்கேதான் தெளிவாகத் தெரியும்.

காலின்ஸுக்கு முன் கோச்சாக இருந்த பால் ஜான்சன் அங்கே ஆடியது, பெரும்பாலும் பந்தோடு ஓடியே முன்னேறும் டிரிபிள் ஆப்ஷன். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் ஒரு பி-பேக், இரண்டு பக்கமும் ஏ-பேக்குகள், எல்லாம் பந்தோடு ஓடுபவர்கள். டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று பிளாக் போட்டு, பாஸும் பிடிப்பவர்) என்ற இடமே கிடையாது. தாக்குதலின் முன்வரிசையான ஆஃபன்சிவ் லைனில் இருப்பவர்கள் எடை குறைந்தவர்கள், வேகமானவர்கள். முன்னால் பாய்ந்து எதிராளியின் இடுப்புக்குக் கீழே பிளாக் போடுவதுதான் அவர்கள் பழகிய வேலை. காலின்ஸ் கொண்டுவந்தது, ஆட்களைப் பரப்பி நிறுத்தி அதிகம் பாஸ் எறியும் ஸ்பிரெட். அதில் அதே ஆள் பின்வாங்கி நின்று, குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் 270 பவுண்டு பாஸ் ரஷரை மூன்று வினாடி கையால் தாங்க வேண்டும். அந்த உடம்பை ஒரு கோடைப் பயிற்சியில் உருவாக்கிவிட முடியாது. டைட் எண்டுக்கு கனெக்டிகட்டிலிருந்து டைலர் டேவிஸைக் கொண்டுவந்தார்கள். ஆப்ஷன் குவார்ட்டர்பேக் டோபியாஸ் ஆலிவர் கடைசியில் டிஃபன்ஸ் பக்கம் ஆடினார். 2018-இல் 7 வெற்றி, 6 தோல்வி என்று இருந்த அணி 2019-இல் 3 வெற்றி, 9 தோல்வி.

அதனால் "கோச் மாறினாரா" என்பதைவிட "ஸ்கீம் (ஆட்டமுறை) மாறியதா, என் பொசிஷன் அதில் இருக்கிறதா" என்பதே பையன் கேட்க வேண்டிய கேள்வி. முன்வரிசையில் மூன்று பேர் நின்று இரண்டு பக்க இடைவெளியையும் அடைக்கும் 3-4 தற்காப்பு அமைப்புக்காக எடுக்கப்பட்ட 330 பவுண்டு நோஸ் டாக்கிள் (நடுவில் நிற்கும் கனமான ஆள்), நான்கு பேர் நின்று ஒரே இடைவெளியில் பாயும் 4-3 அமைப்பில், எதிரணி பாஸ் போட வாய்ப்பு அதிகமான மூன்றாவது டவுனில் (மூன்றாவது முயற்சியில்) வெளியே உட்காருவான். 240 பவுண்டு வெளி லைன்பேக்கரை 4-3 ஆட்கள் "கையைத் தரையில் வை, 20 பவுண்டு ஏற்று" என்பார்கள், அதாவது முன்வரிசையில் ஆடச் சொல்வார்கள். கார்னர்பேக், கிக்கர் போன்றவர்களுக்கு இந்த மாற்றம் அவ்வளவாக வலிக்காது. எல்லாருக்கும் ஒரே ரத்து விதி என்பது எனக்கு ஒப்பவில்லை.

பிளிட்ஸ்வேலன்:
பொசிஷன் வாரியாக விதி எழுத முடியாதே. பையனுக்கு உரிமை கொடுத்துவிட்டால், நீங்கள் சொன்ன கணக்கை அவனே போட்டுக்கொள்வான்.

நான்காவது டவுன்:
உரிமை ஏற்கெனவே நிறைய கொடுத்தாகிவிட்டது. 2024 அக்டோபரில் அந்த லெட்டர் ஆஃப் இன்டென்ட் முறையையே ஒழித்துவிட்டார்கள். 2024 ஏப்ரல் முதல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம்.

ஒரு பழைய நிகழ்வையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 2015 பிப்ரவரியில் லைன்பேக்கர் ரோக்வான் ஸ்மித் யூ.சி.எல்.ஏ. கல்லூரியைத் தேர்ந்ததாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். லெட்டரை அனுப்புவதற்குள், தன்னைச் சேர்க்கப் பாடுபட்ட டிஃபன்சிவ் கோஆர்டினேட்டர் (தற்காப்புப் பிரிவை நடத்தும் உதவிக் கோச்) ஜெஃப் உல்பிரிக், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இன் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தது. லெட்டரை நிறுத்திவைத்து, லெட்டரே இல்லாமல் வெறும் உதவித்தொகை ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் (ஜார்ஜியா டெக் வேறு) சேர்ந்தார். இதுவரை உங்கள் கட்சிக்குச் சாதகம். அந்த நவம்பரில் ஜார்ஜியா மார்க் ரிக்டை நீக்கியது. கர்பி ஸ்மார்ட் வந்தார். ஸ்மித் எங்கும் போகவில்லை. 2017-இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது, அடுத்த ஆண்டு என்.எஃப்.எல். டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர் தேர்வில்) எட்டாவது இடம். கோச் மாறியபின் தங்கியவன் கெட்டுப்போவான் என்று விதி கிடையாது.

அட்லாண்டா வாசுகி:
ரோக்வான் விஷயத்தில் முக்கியமான புள்ளி ஒன்று விட்டுப்போகிறது. போனவர் தலைமைக் கோச் இல்லை, உதவிக் கோச். ஒரு பையனை உண்மையில் சேர்ப்பது பொசிஷன் கோச்தான். வீட்டுக்கு வருவதும், தினம் மெசேஜ் அனுப்புவதும், கல்லூரியில் அன்றாடம் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். ஆனால் விதிகள் பார்ப்பது தலைமைக் கோச்சை மட்டும். உதவிக் கோச் போனால் எந்தச் சிறப்பு ஜன்னலும் (போர்ட்டலில் பெயர் கொடுப்பதற்கான காலம்) திறக்காது. என்.எஃப்.எல். வேலைகள் ஜனவரி, பிப்ரவரியில் நிரம்புகின்றன, அதாவது டிசம்பர் கையெழுத்து முடிந்த பிறகு. வேலன் கேட்கும் ரத்து விதி வந்தாலும் இந்தப் பையன்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

இப்போதிருக்கும் விதியையும் சரியாக வைத்துப் பேசலாம். தலைமைக் கோச் போனால் முன்பு 30 நாள் போர்ட்டல் ஜன்னல், அவர் போன நாளிலிருந்தே தொடங்கும். 2025 அக்டோபரில் மாற்றினார்கள். இப்போது 15 நாள்தான். புதிய தலைமைக் கோச் அறிவிக்கப்பட்டு ஐந்து நாள் கழித்துத் தொடங்கும், புதியவர் பையன்களிடம் பேச அவகாசம் வேண்டும் என்பதற்காக. பொது ஜன்னல் ஜனவரி 2 முதல் 16 வரை ஒன்றே ஒன்று, ஏப்ரல் ஜன்னல் போய்விட்டது. பல கல்லூரிகளில் ஜனவரி பருவம் முதல் இரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். வகுப்பில் சேரும் கடைசித் தேதி தாண்டிவிட்டால், போர்ட்டலில் பெயர் இருந்தாலும் வசந்தகாலப் பயிற்சி போச்சு. அதனால் போர்ட்டல் தேதியைவிடப் பதிவாளர் அலுவலகத் தேதியை முதலில் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஐந்து விஷயம் எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்று, உதவித்தொகை ஓராண்டுக்கா, பல ஆண்டுக்கா. இரண்டு, வருமானப் பங்கு ஒப்பந்தம் தனியாக இருந்தால், எந்த நாளில் பணம் தொடங்குகிறது, வகுப்பில் சேராவிட்டால் அது செல்லுமா. மூன்று, பாதியில் போனால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை. நான்கு, தலைமைக் கோச் அல்லது பெயர் குறிப்பிட்ட கோஆர்டினேட்டர் போனால் அந்தத் தொகை தள்ளுபடியா. பேசிப் பார்த்தால் கிடைக்கக்கூடியது, பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. ஐந்து, ஜனவரியில் சேர்வதா ஜூனிலா.

ஐந்தாவதைக் கொஞ்சம் விரிக்கிறேன். ஜனவரியில் சேர்ந்துவிட்டால் நீங்கள் கல்லூரி மாணவர், போர்ட்டல் விதிகள் பொருந்தும், ஜன்னல் உண்டு. டிசம்பரில் கையெழுத்திட்டு ஜூனில் சேர்பவர் நடுவில் தொங்குகிறார். மற்ற கல்லூரிகள் அவரிடம் பேசக் கூடாது, அவர் தன் கல்லூரியிடம் விடுவிப்புக் கேட்டு நிற்க வேண்டும்.

பிளிட்ஸ்வேலன்:
இதைத்தான் வாசுகி மேடம் நானும் சொல்கிறேன். 2024 ஜனவரி 10-இல் நிக் சேபன் ஓய்வு பெற்றபோது அலபாமாவில் நடந்ததைப் பாருங்கள். ரையன் வில்லியம்ஸ் அப்போது கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. வாய்வாக்கை வாபஸ் வாங்கினார், வேறு இடங்களைப் பார்த்தார், புதிய கோச் கேலன் டிபோரிடம் பேசினார், திரும்ப அலபாமாவிலேயே பிப்ரவரியில் கையெழுத்திட்டார். ஜூலியன் சேயின் கையெழுத்திட்டு ஏற்கெனவே வளாகத்துக்கு வந்துவிட்டவர். 30 நாள் ஜன்னல் இருந்ததால் ஓஹாயோ ஸ்டேட் போனார். இரண்டு பேருக்கும் வழி இருந்தது. கையெழுத்திட்டு ஜூனுக்காக வீட்டில் காத்திருந்தவனுக்கு மட்டும் கல்லூரியின் தயவு.

ஒரு ஓய்வு எத்தனை இடத்தைத் தொட்டது தெரியுமா? டிபோர் வாஷிங்டனை விட்டார், அங்கே அரிசோனாவின் ஜெட் ஃபிஷ் வந்தார், அரிசோனாவுக்கு சான் ஹோசே ஸ்டேட்டின் பிரெண்ட் பிரென்னன், அங்கே கென் நியூமடலோலோ. எல்லாம் டிசம்பர் கையெழுத்து முடிந்த பின், ஒரே மாதத்தில். கோச்சுக்கும் ஒரு சலுகை இருக்கிறதே: புதிய தலைமைக் கோச் முதல் ஆண்டில் ஆட்களை அணியிலிருந்து நீக்கலாம், கல்லூரி படிப்புச் செலவைத் தொடர்ந்தால் போதும். 2022 டிசம்பரில் டியான் சாண்டர்ஸ் வந்த பிறகு கொலராடோவை விட்டு ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். புதியவர் ஆளை மாற்றலாம் என்றால், ஆளும் புதியவரை மறுக்கலாம்.

ஃபிலிம்ரூம்:
டிசம்பர் கையெழுத்தையே எடுத்துவிட்டால்? 2017 வரை பிப்ரவரி மட்டும்தானே இருந்தது. கோச் மாற்றங்களில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

நான்காவது டவுன்:
ஜனவரியில் சேரும் பையன்களை என்ன செய்வது? வசந்தகாலப் பயிற்சி வேண்டுமென்று வருகிறவர்கள் இப்போது மிக அதிகம். போர்ட்டல் ஜனவரி 2-இல் திறக்கிறது. பள்ளியிலிருந்து எத்தனை பேர் என்று தெரியாமல் போர்ட்டலில் இறங்கினால், கோச்சுகள் 21 வயது ஆட்களை வைத்தே 105-ஐ நிரப்பிவிடுவார்கள். பிப்ரவரியில் பள்ளிப் பையனுக்கு இடமே மிஞ்சாது.

ஜூனில் சேர்பவருக்கு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தானாக ரத்து வேண்டாம். புதிய கோச் அறிவித்த ஆறாம் நாளிலிருந்து 15 நாள், பையன் எழுத்தில் கேட்டால் கல்லூரி மறுக்கக் கூடாது. கேட்காதவர்களின் கையெழுத்து அப்படியே நிற்கும். ஒரே நிபந்தனை, போன கோச்சின் புதிய கல்லூரிக்கு அந்த ஆண்டு போக முடியாது.

பிளிட்ஸ்வேலன்:
15 நாள் சரி. நிபந்தனைக்கு உடன்பட மாட்டேன். ஃபிலிம்ரூம் சொன்ன ஸ்கீம் கணக்குப்படி, அந்தப் பையனின் உடம்புக்கும் பொசிஷனுக்கும் பொருந்தும் இடம் பெரும்பாலும் அந்தப் பழைய கோச்சின் புதிய கல்லூரிதான். அதை மட்டும் மூடினால், அவன் குற்றமே செய்யாமல் தண்டனை வாங்குகிறான். கோச்சைத் தடுக்க வேண்டுமென்றால் அவருடைய ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: பழைய கல்லூரியிலிருந்து ஒவ்வொரு பையனை எடுக்கும்போதும் பையௌட் தொகை (கோச் பாதியில் விலகினால் பழைய கல்லூரிக்குச் சேர வேண்டியது) இவ்வளவு கூடும் என்று.

அட்லாண்டா வாசுகி:
அதை எழுதலாம், ஆனால் பணத்தைக் கட்டப்போவது கோச் இல்லை, அவரை எடுக்கும் கல்லூரி. பையௌட்டை வழக்கமாக அவர்கள்தான் கட்டுகிறார்கள். எல்.எஸ்.யூ. அளவுக் கல்லூரிக்கு அது சுமையே இல்லை. விஸ்கான்சின் கல்லூரி 2025 ஜூனில் மயாமி மீது வழக்குப் போட்டதே, தன்னோடு வருமானப் பங்கு ஒப்பந்தம் போட்ட ஆட்டக்காரர் சேவியர் லூகாஸ் விஷயத்தில், அந்த வழியையும் பாருங்கள். அங்கே விஸ்கான்சின் போர்ட்டலில் அவர் பெயரையே ஏற்ற மறுத்தது, அவர் படிப்பை விட்டு விலகி நேராக மயாமியில் சேர்ந்துவிட்டார். எந்த நிபந்தனை எழுதினாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. டவுன் சார், உங்கள் நிபந்தனையை யார், எப்படி அமல்படுத்துவது என்று எழுதுங்கள், மேலே பேசலாம்.