சாவிக்காக வீட்டை உடைத்து, காரை எடுத்துப் போனார்கள். எஃப்.ஐ.ஆரில் வீடு உடைத்ததே இல்லை. என்ன செய்வது?

வாணியம்பாடிப் பெண்:

பெங்களூரில் பதினோரு வருடமாகத் தரைத்தள வாடகை வீட்டில் இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை வீட்டுக்குள் ஆள் புகுந்து கார் சாவியை எடுத்து, கேட்டுக்கு வெளியே நின்ற காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். 2021-இல் வாங்கிய வெள்ளை பலேனோ. கணவருக்கு அன்று நைட் ஷிஃப்ட். மாமியார் ஹாலில் படுத்திருந்தார், நானும் எட்டு வயது மகனும் உள் ரூமில். ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை.

சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் இருக்கும் யுடிலிட்டியில் கிரில் கதவின் கொண்டியை அறுத்திருக்கிறார்கள். உள்கதவின் தாழ்ப்பாளை நெம்பியதில் சட்டம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து நிற்கிறது. டிவி அப்படியே இருக்கிறது. சார்ஜில் போட்டிருந்த லேப்டாப்பைத் தொடவில்லை. ஃபிரிட்ஜ் பக்கத்துக் கொக்கியில் தொங்கிய சாவிக்கொத்தும் அதன் கீழே இருந்த என் கைப்பையும்தான் போயின. பையில் ஆர்.சி. கார்டு, லைசென்ஸ், கொஞ்சம் பணம். காருக்காகவே வந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கப் போன மாமியார்தான் வந்து, "வண்டி எங்கம்மா?" என்று கேட்டார். கணவர் எடுத்துப் போயிருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் செல்லைப் பார்த்தால், 3.52-க்கு அத்திப்பள்ளி டோலில் ஃபாஸ்டேக்கில் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்து கிடக்கிறது. அந்த மெசேஜ் வந்தபோது செல் என் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதன் பிறகு எந்த டோலிலிருந்தும் மெசேஜ் இல்லை.

112-க்குச் சொன்னேன், ஹொய்சளா என்ற போலீஸ் ரோந்து வண்டி சீக்கிரமே வந்தது. ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை வாயால் சொன்னேன், அங்கிருந்தவர் கன்னடத்தில் எழுதிக்கொண்டார். மரியாதையாகத்தான் பேசினார், படித்தும் காட்டினார். ஆனால் எனக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம் வரும், எழுத்துச் சுத்தமாகத் தெரியாது. இருந்த பதற்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து மேல்வீட்டு ஆன்ட்டியிடம் காப்பியைக் காட்டினேன். "ரஸ்தே பதியல்லி நில்லிசித்த காரு களவாகிதே" என்று படித்தார். தெரு ஓரம் நிறுத்தியிருந்த கார் களவு போய்விட்டது, அவ்வளவுதான். கதவு உடைத்தது இல்லை, சாவி எடுத்தது இல்லை. வீடு என்ற சொல்லே முகவரியில் மட்டும்தான் வருகிறது.

வெள்ளிக்கிழமைதான் இன்ஷூரன்ஸுக்குச் சொன்னேன். கால் சென்டரில் பேசிய பெண், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும், இரண்டு சாவியையும் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் கவனக்குறைவு என்று ஆகிவிடும் என்கிறார். என்னிடம் இருப்பது ஸ்பேர் சாவி ஒன்றுதான். இன்னொன்றைத்தானே திருடிக்கொண்டு போனார்கள்? ஆனால் அதற்கு எழுத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. லோன் இன்னும் 1,90,000 பாக்கி. மாதத் தவணையை நிறுத்திவிடலாமா? எஃப்.ஐ.ஆரைத் திருத்த முடியுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு:

அக்கா, முதலில் அந்தக் கதவை ரிப்பேர் செய்துவிடாதீர்கள். தச்சரை வரச்சொல்லியிருந்தால் இப்போதே போன் பண்ணி நிறுத்துங்கள். பிளந்த சட்டமும் அறுந்த கொண்டியும்தான் உங்களுக்குச் சாட்சி. பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, உள்ளிருந்தும் வெளியிருந்தும் போட்டோ எடுங்கள். ராத்திரிக்குப் பயமாக இருந்தால் தற்காலிகமாக உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

2022-இல் எங்கள் வீட்டிலும் மாடி வழியாக இறங்கி, பூஜை அலமாரியில் இருந்த சாவியை எடுத்துக் காரைக் கொண்டுபோனார்கள். நானும் உங்களைப் போலவே சொல்ல மட்டும் சொல்லிவிட்டு வந்தவன். அந்த ஒரு தப்புக்காக ஐந்து மாதம் அலைந்தேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பதிவான எஃப்.ஐ.ஆரை அடித்துத் திருத்த மாட்டார்கள். ஆனால் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். அதை வாங்கி, சம்பவ இடத்தைப் பார்த்து அங்கே இருப்பதைப் பதிவு செய்யும் மகஜர் எழுதி, கூடுதல் பிரிவுகளைச் சேர்க்கக் கோர்ட்டுக்கு மனு வைப்பது விசாரணை அதிகாரியின் வேலை. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி.க்குப் பதிலாக பி.என்.எஸ். என்ற புதுச் சட்டம். உங்களுடையதில் 303 மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன், அது சாதாரணத் திருட்டு. வீட்டுக்குள் திருடியதற்கு 305, இரவில் வீடு உடைத்துப் புகுந்ததற்கு 331. இந்த இரண்டையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த முறை வாயால் சொல்லாதீர்கள். நீங்களே இங்கிலீஷில் டைப் செய்து, கூடவே கன்னடத்திலும் யாரையாவது எழுதச் சொல்லி, இரண்டு காப்பி கொண்டுபோங்கள். ஒன்றில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கதவு, எந்தக் கொக்கி, கொத்தில் எத்தனை சாவி, கீ செயின் எப்படி இருக்கும், பையில் என்ன இருந்தது என்று எல்லாம் அதில் வர வேண்டும். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை டி.சி.பி. (துணை போலீஸ் கமிஷனர்) அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ். என்ற புது நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவே அதற்கு வழி வைத்திருக்கிறது.

ஃபாஸ்டேக்கை பிளாக் செய்துவிட்டீர்களா? செய்யவில்லை என்றால் போலீஸிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். அது உயிரோடு இருந்தால் அடுத்த டோலில் மறுபடி மெசேஜ் வரலாம். அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி டோலில் மெசேஜ் இல்லையென்றால் ஒன்று டேக்கைப் பிய்த்திருக்கிறார்கள், இல்லை ஓசூரிலேயே தளி, பாகலூர், ராயக்கோட்டை ரோடு ஏதாவது ஒன்றில் திரும்பியிருக்கிறார்கள். இதையும் கடிதத்தில் எழுதி, 3.52 மணி டோல் வீடியோவை வாங்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தெருவில் கேமரா இருக்கும் வீடுகளுக்கு இன்றைக்கே போங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துகொண்டே இருக்கும்.

ஓய்வு பெற்ற சர்வேயர்:

அம்மா, மோட்டார் கிளெய்ம்களில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவன் நான். மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. இன்ஷூரன்ஸ் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இரண்டு சாவி கேட்பது வழக்கம்தான். வண்டியிலேயே சாவியை விட்டுப் போனாரா, தெரிந்தவரிடம் கொடுத்தாரா என்று பார்ப்பதற்காகக் கேட்கிறார்கள். பூட்டிய வீட்டை உடைத்துச் சாவியை எடுத்தால் அது உங்கள் கவனக்குறைவு ஆகாது. ஆனால் வருகிற இன்வெஸ்டிகேட்டர் கையில் இருப்பது தெரு ஓரம் நின்ற கார் என்று சொல்லும் எஃப்.ஐ.ஆர். அதை வைத்துக்கொண்டு இன்னொரு சாவி எங்கே என்றுதான் அவர் கேட்பார். அதனால் கூடுதல் வாக்குமூலமும் மகஜரும் கிடைக்கும் வரை சாவி பற்றி அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஸ்பேர் சாவியைக் கொடுக்கும்போது போட்டோ எடுத்து, கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். கார் வாங்கியபோது சாவி எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று தந்திருப்பார்கள், தேடி எடுத்து வையுங்கள்.

மூன்று நாள் தாமதத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், இன்ஷூரன்ஸுக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான திருட்டு கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் 2020 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். குர்ஷிந்தர் சிங் வழக்கு. அந்தப் பெயரை உங்கள் மெயிலில் ஒரு வரி குறிப்பிடுங்கள். போனில் பேசியதை எல்லாம் மெயிலிலும் எழுதி வையுங்கள், போனில் சொன்னது நிற்காது.

தவணையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கார் போனாலும் கடன் போகாது, சிபில் ஸ்கோர் அடிபடும். பாலிசியை எடுத்துப் பாருங்கள், ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருக்கும், உங்கள் காருக்குப் பாலிசியில் வைத்த மதிப்பு அது. கிளெய்ம் பாஸானால் அதில் 1,000 ரூபாய் கழித்துக்கொள்வார்கள், 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு அவ்வளவுதான். மீதியில் முதலில் பேங்க் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும். ஐ.டி.வி. 4,30,000 என்று வைத்துக்கொண்டால், உங்கள் கைக்கு 2,39,000 வரும். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் திருட்டுக்கு எதுவும் கிடைக்காது, அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

பணம் வர மாதங்கள் ஆகும். தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் கோர்ட்டில் வைக்கும் அறிக்கையை இங்கே சி ரிப்போர்ட் என்பார்கள், பெரும்பாலும் அது வந்த பிறகுதான் செட்டில் செய்வார்கள். நிராகரித்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ஜே.பி. நகரில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். செலவும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

அல்சூர் அக்கா:

எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். கொத்தில் வீட்டுச் சாவியும் இருந்ததா தங்கச்சி? பையில் இருந்த ஆர்.சி.யில் உங்கள் முகவரி இருக்கும். காரோடு போனவனிடம் உங்கள் வாசல் கதவின் சாவி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஹவுஸ் ஓனரைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், முன்கதவுப் பூட்டை இன்றைக்கே மாற்றுங்கள். உடைந்தது பின்கதவுதானே, முன்கதவை மாற்றினால் சாட்சி ஒன்றும் கெடாது. அப்புறம், மகன் எப்படி இருக்கிறான்? எங்கள் வீட்டில் திருடு போனபோது என் மகள் மூன்று மாதம் தனியாக பாத்ரூம் போக மாட்டாள்.

வாணியம்பாடிப் பெண்:

அக்கா, கொத்தில் முன்கதவு சாவியும் மொட்டைமாடி சாவியும் இருந்தன. நீங்கள் சொல்லும் வரை எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவுடன் உடம்பு நடுங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து இரண்டு பூட்டையும் மாற்றிவிட்டார். மகன் இரண்டு நாளாகப் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறான்.

வாணியம்பாடிப் பெண் (நான்கு நாள் கழித்து):

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். உங்கள் எல்லோருக்கும் கும்பிடு போடுகிறேன்.

பாலிசியைப் பார்த்தேன், முழு பாலிசிதான். தவணை கட்டியாயிற்று. மூன்றாவது வீட்டுக் கேமராவில் 3.09-க்கு எங்கள் கார் லைட் போடாமல் போவது தெரிகிறது. பென் டிரைவில் வாங்கி வைத்தேன்.

கடிதத்துக்காகக் கீ செயின் எப்படி இருந்தது என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏலகிரிக்குப் போனபோது மகன் அடம்பிடித்து வாங்கிய மரக் கிளி, பச்சை பெயின்ட் அடித்தது. அவன் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவன், பேசாமல் போய் பென்சில் பாக்ஸைக் கொண்டுவந்து திறந்தான். உள்ளே கிளி இருந்தது. வளையம் பிரிந்து, ஒரு இறக்கை நுனி உடைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததாம். பெரியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் சொல்லவில்லையாம். அவனைக் கட்டிக்கொண்டு நான் அழுததில் அவன் பயந்தே போனான்.

கடிதத்தையும் கிளியையும் கொண்டுபோனோம். இந்த முறை இன்ஸ்பெக்டரையே பார்த்தோம். முழுதும் படித்துவிட்டு ஏ.எஸ்.ஐ. ஒருவரை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார். கொண்டி, பிளந்த சட்டம், ஃபிரிட்ஜ் கொக்கி எல்லாவற்றையும் அளந்து மகஜர் எழுதினார்கள். பிரிவுகளைச் சேர்க்கக் கோர்ட்டுக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். அந்தக் காப்பி வந்ததும் இன்ஷூரன்ஸுக்கு அனுப்புகிறேன்.

மேல்வீட்டு ஆன்ட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கடைசியில், "ஹசிரு பண்ணத மரத கிளி, ஒந்து" என்று படித்தார். திரும்பக் கிடைக்குமா என்று மகன் கேட்டான். கேஸ் முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லி, ஏ.எஸ்.ஐ. அதை ஒரு கவரில் போட்டு ஒட்டினார்.