நியூமான்ட்டின் 2030 இலக்கு: விற்ற சுரங்கத்தின் உமிழ்வு யார் கணக்கில்?

கேள்வி – ஏரிக்கரை

உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்க நிறுவனமான நியூமான்ட், தன் நேரடிப் பசுங்குடில் வாயு உமிழ்வையும் வாங்கும் மின்சாரத்தால் உண்டாகும் உமிழ்வையும் 2018-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2030-க்குள் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைப்பதாகவும், 2050-க்குள் நிகர பூஜ்ய நிலையை (வெளியிடுவதும் நீக்குவதும் சமமாகும் நிலை) எட்டுவதாகவும் 2020 நவம்பரில் அறிவித்தது. இதற்காக ஐந்து ஆண்டுகளில் 50 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் சொன்னது. ஆனால் 2023-இல் ஆஸ்திரேலியாவின் நியூகிரெஸ்ட் சுரங்க நிறுவனத்தை வாங்கிய கையோடு, தன் பழைய சுரங்கங்கள் பலவற்றை விற்கத் தொடங்கியது. கானாவின் அக்யெம் சுரங்கம் சீனாவின் ஸிஜின் நிறுவனத்துக்குப் போனது. சுரங்கத்தை விற்றாலே உமிழ்வு குறைந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள முடியுமா?

பதில் – கணக்காயன்

நேரடியாக அப்படிக் காட்ட முடியாது. நிறுவனங்கள் பரவலாகப் பின்பற்றும் பசுங்குடில் வாயு நெறிமுறையின்படி, பெரிய அளவில் சொத்து கைமாறினால் அடிப்படை ஆண்டின் கணக்கையே திருத்த வேண்டும். விற்ற சுரங்கத்தின் உமிழ்வை 2018 கணக்கிலிருந்தும் கழித்து, வாங்கியதன் உமிழ்வை அங்கேயும் கூட்ட வேண்டும். எனவே விற்பனையால் மட்டும் விழுக்காடு இறங்காது. ஆனால் வானத்துக்குப் பத்திரப்பதிவு தெரியாது: அக்யெமில் டீசல் எரிவது நிற்கவில்லை, அதைக் குறைப்பதாகச் சொன்னவர்தாம் அங்கே இல்லை. ஆகவே, ஆண்டறிக்கையில் முதலில் அடிக்குறிப்பைத் திறந்து, அடிப்படை ஆண்டு எப்போது, எதற்காகத் திருத்தப்பட்டது என்று பாருங்கள். வரைபடங்களைப் பிறகு பார்க்கலாம்.

பதில் – தென்றல்வெளி

விற்பனையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, எந்த உமிழ்வு யார் கணக்கு என்று பிரிக்கும் எல்லைக்கோடு. 2019-இல் கனடாவின் தங்கச் சுரங்க நிறுவனமான பாரிக்கும் நியூமான்ட்டும் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள தங்கள் சுரங்கங்களை ஒரே கூட்டு நிறுவனமாக இணைத்தன. அதில் நியூமான்ட்டின் பங்கு 38.5 விழுக்காடு, சுரங்கங்களை நடத்துவது பாரிக். நியூமான்ட் முன்பு நிலக்கரியில் இயங்குமாறு கட்டிய டி.எஸ். மின் நிலையமும் அந்தக் கூட்டுக்குள் போயிற்று. யார் நடத்துகிறாரோ அவர் கணக்கில்தான் நேரடி உமிழ்வு என்ற முறையில், நெவாடாவில் தனக்குள்ள பங்கின் உமிழ்வை நியூமான்ட் மூன்றாம் பிரிவில் (தான் நடத்தாத இடங்களில் உண்டாகும் மறைமுக உமிழ்வு), முதலீடுகள் என்ற தலைப்பில் காட்டுகிறது. மறைக்கவில்லை, அந்தப் பிரிவுக்கும் 2030-க்கான தனி இலக்கு உண்டு. ஆனாலும் முதல் இரண்டு பிரிவுகளை (நேரடி உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) மட்டும் படிப்பவர் கண்ணில் நெவாடா படாது.

பதில் – பாறைமனிதன்

கணக்கை விட்டுக் குழிக்குள் இறங்கிப் பார்ப்போம். தங்கச் சுரங்கத்தில் எரிசக்தி போவது முக்கியமாக இரண்டு வழிகளில்: பாறையை மேலே ஏற்றும் டீசல் லாரிகள், அதை மாவாக அரைக்கும் ஆலைகள். ஒரு டன் தாதுவில் ஒரு கிராம் தங்கம் இருந்தாலும் இரண்டு கிராம் இருந்தாலும் அரைக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆகவே தாதுவின் தரம் இறங்க இறங்க, நிறுவனம் எதுவும் செய்யாமலேயே ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கான உமிழ்வு ஏறும். ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை மாற்றுவதற்கு வழி தெரிந்திருக்கிறது. கோல்ட் ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் அக்ன்யூ சுரங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் ஐந்து காற்றாலைகள், சூரியத் தகடுகள், மின்கலன் ஆகியவற்றைக் கொண்டு, தன் மின்தேவையில் பாதிக்கு மேல் ஈடுசெய்கிறது, எஞ்சியதற்கே எரிவாயு.

சிக்கல் லாரியில்தான். 200 டன்னுக்கு மேல் சுமந்து குழியின் சரிவில் ஏறும் வண்டியை மின்கலத்தால் ஓட்டுவது அவ்வளவு எளிதன்று. 2021 நவம்பரில் நியூமான்ட் சுரங்க லாரிகள் தயாரிக்கும் கேட்டர்பில்லருடன் கைகோத்து, கொலராடோவின் கிரிப்பிள் கிரீக் சுரங்கத்திலும் ஆஸ்திரேலியாவின் தனாமி நிலத்தடிச் சுரங்கத்திலும் மின்கல லாரிகளைக் கொண்டுவரப்போவதாகச் சொன்னது.

ஏரிக்கரை

நன்றி நண்பர்களே. அந்தக் கிரிப்பிள் கிரீக் இப்போது யாரிடம் இருக்கிறது?

பாறைமனிதன்

2025 தொடக்கத்தில் எஸ்.எஸ்.ஆர். மைனிங் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.