கோல்ஃப்: ரேஞ்ச்ல நேரா போகுது, கோர்ஸ்ல 100 தாண்டுது: 90க்கு கீழ வர வழி சொல்லுங்க

ஞாயிறு பேக் (சென்னை):
வணக்கம். கோல்ஃப் ஆட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, வயசு 41, ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் தரத்தக் காட்டுற எண், கம்மியா இருந்தா நல்லது) 26 பக்கம் நிக்குது. ஸ்கோர் 97ல இருந்து 104க்குள்ளயே சுத்திட்டு இருக்கு, ஒரு வருஷமா அசையவே மாட்டேங்குது. ரேஞ்ச்ல 7 அயன் 140 யார்டு சுத்தமா போகுது, கோச்சும் ஸ்விங் பரவால்லன்னு தான் சொல்றாரு, ஆனா முதல் டீல, அதாவது ஹோல் ஆரம்பிக்கிற இடத்துல நின்னு, தூரமா அடிக்கிற டிரைவர் கிளப்ப கைல எடுத்தா பந்து வலது பக்கம் வளைஞ்சு கோர்ஸ் எல்லைச் சுவத்துக்கு அந்தாண்ட போயிடுது, அதுக்கப்புறம் அந்த ஹோல் 8, 9ன்னு முடியுது. கூட ஆடுறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் ஷாஃப்ட் மாத்துங்கறாரு, ஒருத்தர் புட்டர மாத்துங்கறாரு. புது டிரைவருக்குன்னு காசு சேர்த்து வச்சிருக்கேன். அத வாங்கலாமா, இல்ல அந்தக் காசுக்கு இன்னும் லெசன் போகலாமா? இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது 80ல ஆரம்பிக்கிற ஸ்கோர் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

கோவை ஒன்பது அயன்:
காச அப்படியே வைங்க சார், இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்ங்க. 26 இண்டெக்ஸ்னா என்னன்னு முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. 2020ல வந்த உலக ஹேண்டிகேப் முறைல கடைசி 20 ரவுண்ட்ல நல்லா ஆடுன 8ஓட சராசரிய தான் எடுக்கறாங்க, அதனால அது உங்க நல்ல நாளோட கணக்கு. சாதாரண நாள்ல அதவிட ரெண்டு மூணு ஸ்ட்ரோக் கூடத்தான் வரும், அதுக்கு மனசு ஒடைஞ்சு போகாதீங்க.

இப்ப எனக்கு வேண்டியது உங்க ஸ்விங் வீடியோ இல்லீங்க, கடைசி ரவுண்டோட கார்டு. ஒவ்வொரு ஹோலுக்கும் மூணே விஷயம் எழுதுங்க. பெனால்டி எத்தனை, கிரீனுக்குப் (குழி இருக்கற வழவழப்பான புல்தரை) பக்கத்துல இருந்து சிப் பண்ணி, அதாவது சின்னதா தட்டி, கிரீனுக்கே ஏறாம நின்னது எத்தனை, கிரீன்ல பந்த உருட்டி குழில போட மூணு புட் போட்டது எத்தனை. இது மூணும் வந்தாத்தான் மருந்து சொல்ல முடியும்.

ஞாயிறு பேக் (சென்னை):
கார்டு பத்திரமா இருக்குங்க, பேக் தூக்கிட்டு கூட வந்த கேடி அண்ணன்கிட்டயும் கேட்டு சரி பார்த்துட்டேன். பார் (18 ஹோலுக்கும் எதிர்பார்க்கற மொத்த ஸ்ட்ரோக்) 72, நான் 101, முதல் ஒன்பது 47, கடைசி ஒன்பது 54. ஓபி, அதாவது எல்லைக்கு வெளிய போனது ரெண்டு, தண்ணில ஒண்ணு. மூணு புட் அஞ்சு ஹோல்ல. சிப் ஏறாம நின்னது நாலு தடவ.

கோவை ஒன்பது அயன்:
பாருங்க, பதில் இதுலயே இருக்குது. ஓபி போனா ஒரு பெனால்டி, அதோட அடிச்ச இடத்துக்கே திரும்பி வரணும், ஆக ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்ட்ரோக் போச்சு, ரெண்டுக்கு நாலு. தண்ணி ஒண்ணு. மூணு புட்ல அஞ்சு, சிப்ல நாலு. மொத்தம் 14. 101ல 14 போனா 87ங்க. இதுல ஒரு ஷாட் கூட நீங்க இப்ப அடிக்கறத விட தூரமா அடிக்கச் சொல்லல, ஒரு பேர்டி (பாருக்கு ஒண்ணு கம்மி) கூட கேக்கல. மொத்தத்தையும் ஒரே நாள்ல நிறுத்த யாராலயும் முடியாது, ஆனா பாதிய நிறுத்துனாலே 94ங்க.

கிள்ளான் தமிழன் (மலேசியா):
ஆமாலா, அண்ணன் கணக்கு சரி. என்ன கேட்டா டிரைவர வீட்டுல வச்சிட்டு வாங்க. நான் டிரைவரவிட தூரம் கம்மியா போற ஹைப்ரிட் கிளப்லயே எல்லா டீயும் அடிச்சு தான் முதல் தடவ 90 உடைச்சேன். பந்து ஆட்டத்துல இருந்தா போதும், ஓபி இல்லன்னா தலைவலியே இல்ல.

கோவை ஒன்பது அயன்:
கிள்ளான் தம்பி, இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி லட்சக்கணக்கான ஷாட்ட வச்சு ஆராய்ச்சி பண்ணவரு, பிஜிஏ டூர்ல இப்ப சொல்ற ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் (ஒவ்வொரு ஷாட்லயும் மத்தவங்களவிட எவ்ளோ லாபம், நஷ்டம்னு பார்க்கறது) கணக்குக்கே அவரோட வேலை தான் அடிப்படை. ரெண்டு ஆட்டக்காரங்களோட ஸ்கோருக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்துல சுமார் மூணுல ரெண்டு பங்கு 100 யார்டுக்கு வெளிய அடிக்கற ஷாட்லயே வந்துடுதுன்னு அவர் கணக்கு சொல்லுது. எல்லா ஹோல்லயும் ஹைப்ரிட் அடிச்சா ரெண்டாவது ஷாட்டுக்கு 30, 40 யார்டு கூட நிக்கும், அதுக்கும் ஒரு விலை இருக்குதுல்ல? வலது பக்கம் சுவர் ஒட்டி இருக்கற ஹோல்ல மட்டும் ஹைப்ரிட் எடுங்க, அகலமா இருக்கற ஹோல்ல டிரைவரயே அடிங்க. நிறைய பேரு பயந்து போயி டிரைவர ஒதுக்கி வச்சுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு அது கைக்கே வராம நிக்கறாங்க, நான் பாத்துட்டே இருக்கேன்.

ஞாயிறு பேக் (சென்னை):
எங்க கோர்ஸ்ல சுவர் ஒட்டி இருக்கறது மூணு ஹோல் தான். அங்க ஹைப்ரிட் எடுக்க எனக்குச் சம்மதம். ஆனா அந்த வளைவு ஏன் வருது? வலது பக்கம் போகுதேன்னு நான் இடது பக்கம் பார்த்து நிக்கறேன், அப்படி நின்னா இன்னும் பெருசா வளையுது.

பெங்களூரு அக்கா:
அப்படித்தான் வளையும் தம்பி. பந்து கிளம்புற திசை பெரும்பாலும் அடிக்கிற நொடில கிளப் முகம் எங்க பார்க்குதோ அது தான், வளையறது முகத்துக்கும் ஸ்விங் போற பாதைக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தால. நீங்க இடது பக்கம் திரும்பி நின்னா பாதையும் இடது பக்கம் சாயும், முகம் மட்டும் பழையபடி டார்கெட்டப் பார்த்து நிக்கும், வித்தியாசம் கூடும், வளைவும் கூடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம், அத யாரும் பார்க்கறதே இல்ல. ரேஞ்சுக்கு ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் எடுத்துட்டுப் போங்க. பந்தோட பின்பக்கம் ஒரு புள்ளி வச்சு டிரைவரால அடிங்க, எங்க பட்டுச்சோ அங்க மை ஒட்டிக்கும். பத்து பந்து அடிச்சு முகத்தப் பாருங்க. ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேர்ற பக்கமா பட்டா, ஸ்விங் நல்லா இருந்தாலும் வலது பக்கம் வளையற சுழற்சி கூடவே வந்துடும். கிரிப்பும் பாருங்க, மேல இருந்து குனிஞ்சு பார்த்தா இடது கைல ரெண்டு ரெண்டரை முட்டி தெரியணும். ஒரே ஒரு முட்டி தெரிஞ்சா முகம் தெறந்தே வரும். வலது கை ஆட்டக்காரர்னு நெனச்சு சொல்றேன்.

அப்புறம் டீ பாக்ஸ்ல எங்க நிக்கறீங்கங்கறது முக்கியம். வலது பக்கம் ஓபி இருந்தா டீயோட வலது ஓரத்துல பந்த வச்சு, அங்க இருந்து ஃபேர்வேயோட இடது பாதியப் பாருங்க. சுவத்துக்கு எதிர்த்திசைல இடம் கிடைக்கும். இதுக்கு காசும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்.

கொழும்பு லெஃப்டி:
ஓபி எண்டு சந்தேகம் வந்தால் உடனே புரொவிஷனல், அதாவது மாற்றுக்கு இன்னொரு பந்து, அடியுங்கோ. ஆனால் அடிக்க முதல் "இது புரொவிஷனல்" எண்டு வாயால சொல்ல வேணும், சொல்லாமல் அடிச்சால் அந்தப் பந்துதான் ஆட்டத்தில இருக்கிற பந்தா மாறிடும், முதல் பந்து உள்ளுக்கை கிடந்தாலும் பிரயோசனம் இல்லை. தேடுற நேரமும் 2019இல இருந்து 3 நிமிசம் தான், முந்தி 5. இன்னொண்டு, கிளப் கமிட்டி அனுமதிச்சிருந்தால் திரும்பிப் போகாமல் ரெண்டு பெனால்டியோட முன்னுக்கு ட்ரொப் எடுக்கலாம், அதுவும் 2019இல வந்த உள்ளூர் விதி. உங்கட கோர்ஸில இருக்குதோ எண்டு முதல் டீயில ஆக்கள அனுப்புற ஸ்டார்ட்டரிட்டக் கேட்டுப் பாருங்கோ.

ஞாயிறு பேக் (சென்னை):
பெங்களூரு அக்கா, மார்க்கர் டெஸ்ட் பண்ணிட்டேன். பத்துல ஏழு ஹீல் பக்கம் தான் பட்டிருக்கு! கோச்கிட்ட காட்டுனேன், அவரும் பார்த்துட்டு பந்துக்கு ரொம்ப கிட்ட நிக்கறீங்கன்னு சொல்லி அரை அடிக்கும் கம்மியா பின்னாடி நகர்த்தி விட்டாரு, கிரிப்பயும் கொஞ்சம் திருப்பி விட்டாரு. வளைவு முழுசா போகல, ஆனா இப்ப ஃபேர்வேயோட வலது ஓரம், இல்லன்னா பக்கத்துல உயரமான புல் இருக்கற ரஃப்ல வந்து நிக்குது, சுவர் பக்கம் போகல. புது டிரைவர் யோசனைய விட்டுட்டேன்.

இப்ப சிப் பத்தி கேக்கணும். எங்க கோர்ஸ்ல கிரீனச் சுத்தி பெர்முடா புல், நல்லா ஒட்டுன மாதிரி இருக்கும். பந்த உயரமா கிளப்புற 56 டிகிரி வெட்ஜ் கிளப்ப எடுத்தா பந்துக்குப் பின்னாடியே மண்ணுல சொருகி நின்னுடுது. அதுக்குப் பயந்து தூக்கி அடிச்சா நடுவுல பட்டு கிரீனத் தாண்டி அந்தப் பக்கம் ஓடுது.

கிள்ளான் தமிழன் (மலேசியா):
இது நமக்கு தினமும் உள்ள பிரச்சன அண்ணே. எங்க ஊருல பாதி கோர்ஸ் கௌ கிராஸ், அகல இலை, மழை பெஞ்சா வெட்ஜ அப்படியே பிடிச்சுக்கும். முதல்ல புல் எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாருங்க. பந்துக்குப் பின்னாடி நின்னு பாக்கும்போது புல் பளபளன்னு தெரிஞ்சா உங்களுக்கு முன்னால சாஞ்சிருக்கு, வெட்ஜ் வழுக்கிட்டுப் போகும். கருத்த பச்சையா தெரிஞ்சா உங்களப் பார்த்து சாஞ்சிருக்கு, அங்க தான் கிளப்போட முன் விளிம்பு போய் மாட்டும். மாட்டுற இடத்துல வெட்ஜே வேண்டாம்லா. 8 அயன எடுங்க, புட்டர் பிடிக்கிற மாதிரி கொஞ்சம் கீழ பிடிங்க, எடைய முன் கால்ல வச்சு, புட் அடிக்கிற மாதிரியே அடிங்க. பந்து கொஞ்ச தூரம் பறந்து மிச்சத்த உருண்டு போய்ச் சேரும். பங்கர் (மணல் பள்ளம்) தாண்டி போகணும்னா தான் 56 டிகிரி, அப்பவும் கைய முன்னால தள்ளாம வெட்ஜோட அடிப்பாகம், அந்த பவுன்ஸ் தரைல படட்டும். கைய முன்னால தள்ளுனா பவுன்ஸ் போய் விளிம்பு தான் மண்ணத் தோண்டும்.

கொழும்பு லெஃப்டி:
கிரீனுக்கு வெளியில புல் கட்டையா வெட்டியிருந்தால் நான் புட்டராலயே அடிப்பன். வடிவா இல்லை எண்டு சிலர் நினைப்பினம், ஆனால் கார்டில வடிவு எழுதுறதில்லை. மோசமா அடிச்ச புட்டும் அநேகமா கிரீனில தான் நிக்கும், மோசமா அடிச்ச சிப் எங்க போகும் எண்டு சொல்லவே ஏலாது.

பெங்களூரு அக்கா:
மூணு புட்டுக்கு என் பங்கு. உங்க முதல் புட் எவ்ளோ தூரத்துல இருந்து வருதுன்னு பாருங்க, பெரும்பாலும் 30 அடிக்கு மேல இருக்கும். அந்தத் தூரத்துல லைன் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, தூரம் மட்டும் தான் கணக்கு, முதல் புட் 3 அடிக்குள்ள வந்து நிக்கணும். 8 அடில பிஜிஏ டூர் ஆளுங்களே சுமார் பாதி தான் போடறாங்க, அப்ப நாம முதல் புட்ட 7, 8 அடி விட்டுட்டு ரெண்டாவதப் போடுவோம்னு எதிர்பார்த்தா எப்படி? ஆட்டத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் கிடைச்சா அதுல எட்டு நிமிஷம் 30, 40 அடி புட் மட்டும் அடிங்க, கிண்ணத்துக்கு, அதான் அந்தக் குழிக்கு அடிக்க வேண்டாம், கிரீனோட ஓரத்துக்கு அடிச்சு விளிம்புலயே நிக்க வைங்க.

நம்ம அதிதி அசோக் 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவது இடம் வந்தாங்கல்ல, அந்த வாரம் டிரைவ் தூரத்துல கூட ஆடுனவங்களுக்கு ரொம்பப் பின்னாடி இருந்தாங்க, அவங்கள மெடல் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்துனது புட்டிங். விடியக்காலைல எந்திரிச்சு டிவி முன்னாடி உக்காந்து பார்த்தவ நான், இன்னிக்கும் நெனச்சா சிலிர்க்குது.

கோவை ஒன்பது அயன்:
இன்னொண்ணு கவனிச்சேன். 47க்கு அப்புறம் 54. சென்னை வெயில்ல எத்தனை மணிக்கு டீ ஆஃப் பண்றீங்க? எட்டு மணிக்கு ஆரம்பிச்சா கடைசி ஒன்பது உச்சி வெயில்ல தான் வரும்ங்க. காலைல முதல் வரிசைல போங்க, தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்காம மூணு ஹோலுக்கு ஒருக்கா உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸோ மோரோ குடிங்க. 12வது ஹோலுக்கு மேல கால் தளர்ந்தா உடம்பு திரும்பாது, கை மட்டும் வீசும், ஸ்லைஸ், அதான் அந்த வலது பக்க வளைவு, தன்னால திரும்பி வந்துடும்.

ஞாயிறு பேக் (சென்னை):
அப்டேட். காலைல 6 மணிக்குப் போனேன், 94! 46ம் 48ம். ஓபி ஒண்ணு கூட இல்ல, சுவர் இருக்கற மூணு ஹோல்லயும் ஹைப்ரிட், அதுல ரெண்டுல போகி (பாருக்கு ஒண்ணு கூட), ஒண்ணுல டபுள் (ரெண்டு கூட). சிப் ஏறாம நின்னது ஒண்ணே ஒண்ணு, 8 அயன் நிஜமாவே வேலை செய்யுது, கிள்ளான் தம்பிக்கு ரொம்ப நன்றி. மூணு புட் மட்டும் இன்னும் நாலு. அதுலயும் முதல் புட் எப்பவும் குறைவாவே போய் நிக்குது, ஒரு தடவ கூட கிண்ணத்தத் தாண்டல. புல் ஈரமா இருந்ததாலயா, இல்ல நான் மெதுவா அடிக்கறேனா?

பெங்களூரு அக்கா:
94க்கு வாழ்த்துக்கள் தம்பி, மனசார சந்தோஷம்! ரெண்டுமே இருக்கலாம். காலைல 6 மணிக்கு பனி ஈரம் கண்டிப்பா பந்தப் பிடிக்கும், பந்து போன தடமே ஈரத்துல கோடா தெரியும் பாருங்க. வெயில் ஏறி காய்ஞ்சதும் அதே அடிக்கு பந்து இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும், சாயந்திரம் ஆனா பெர்முடா வளர்ந்து திரும்ப மெதுவாகும். அதனால பிராக்டிஸ் கிரீன்ல அன்னிக்கு வேகம் என்னன்னு பார்க்காம முதல் டீக்குப் போகாதீங்க. கிரெயின், அதாவது புல் சாஞ்சிருக்கற திசை, உங்களப் பார்த்து இருந்தா கிண்ணத்துக்கு ரெண்டடி பின்னாடி இன்னொரு கிண்ணம் இருக்கறதா நெனச்சு அதுக்கு அடிங்க. புட்டர பின்னாடி கம்மியா எடுத்துட்டு கடைசி நொடில தள்ளுறீங்களான்னும் யாரையாவது பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுக்கச் சொல்லி இங்க போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.

ஞாயிறு பேக் (சென்னை):
சரிக்கா, ஞாயித்துக்கிழமை கேடி அண்ணன எடுக்கச் சொல்லி போடறேன்.