எம்.ஐ.ஏ.வின் ஒலி யாருடையது?

தாளக்கணக்கு:
எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் லண்டன் ராப் பாடகி மாயா அருள்பிரகாசத்தை மேதை என்று தூக்கி வைப்பவர்கள் தயாரிப்பாளர் பட்டியலையும் ஒருமுறை பார்க்கலாம். 'கலாங்' பாட்டு ராஸ் ஆர்டன், ஸ்டீவ் மேக்கி இருவரின் தயாரிப்பு. 'பேப்பர் பிளேன்ஸ்' டிப்ளோ, ஸ்விட்ச். 'பேட் கேர்ள்ஸ்' டான்ஜா. குரலையும் பேட்டிகளையும் கழித்தால் அவருடையது என்று என்ன மிஞ்சும்?

ஐந்நூற்றைந்து:
மிஞ்சுவது ஒரு பெட்டி. ரோலண்ட் எம்சி-505, தாளமும் ஸ்வரமும் அடுக்கிப் பாட்டு கட்டற மின்னணுக் கருவி. அதை அவருக்கு அறிமுகப்படுத்தியது பீச்சஸ்ங்கற பாடகி. அவரோட முதல் ஆல்பம் 'அருளர்' (2005) பாட்டுகள் பலவற்றின் முதல் வடிவம் அதில்தான் உருவாச்சு. அந்தப் பெட்டியில சாம்பிள், அதாவது வேற பதிவுலேருந்து ஒலித்துண்டு, எடுக்க முடியாது. தாளத்துக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஏழுன்னு மொத்தம் 8 பகுதிதான். ஒரே நேரத்துல 64 குரல் (பாடற குரல் இல்லை, பெட்டி எழுப்பற தனித்தனி ஒலி) ஒலிக்கும்னு போட்டிருப்பாங்க, அதை நம்பி ஏமாறக் கூடாது. ஒரு பேட்ச்சுல, அதாவது ஒரு வாத்திய ஒலியில, நாலு டோன் (அடிப்படை ஒலி) வரை அடுக்கலாம். அப்படி அடுக்கினா ஒரு ஸ்வரத்துக்கே 4 குரல் போயிடும், ஆக 16 ஸ்வரத்தோட கணக்கு முடிஞ்சது. அதுக்கு மேல போனா பழைய ஸ்வரத்தோட வால் அறுபடும். அதனால அந்தப் பெட்டியில கார்டு (சேர்ந்து ஒலிக்கற பல ஸ்வரம்) அடுக்கிப் பாட்டு கட்டறவங்க திணறுவாங்க. ஒரு டோன் பேஸ் (தாழ்ந்த ஒலி), கறாரான கைதட்டல், நடுவுல வெற்றிடம், அந்த வெற்றிடத்துல குரலையே தாளமா வைக்கறதுன்னு போனா பெட்டி பாடும். 'அருளர்' முழுக்க அந்த வெற்றிடம்தான். அது ஸ்டுடியோவுக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவான விஷயம்.

தாளக்கணக்கு:
பெட்டியின் குறைபாட்டை அவருடைய பாணி என்கிறீர்கள். அதே பெட்டி ஆயிரம் பேரிடம் இருந்தது.

ஐந்நூற்றைந்து:
இருந்துச்சு. அந்த ஆயிரம் பேரும் 'கலாங்' பண்ணலையே.

உறுமி_இழுவை:
இரண்டு பேருமே அடுத்த ஆல்பமான 'கலா' (2007) பக்கம் வரவில்லை. அமெரிக்க விசா சிக்கலால்தான் பதிவு சென்னை, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று அலைந்தது. அப்படித்தான் உறுமி உள்ளே வந்தது. உறுமியை லூப்பாக (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டாக) வெட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். ஒரு முகத்தில் அடி, மறு முகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. தேய்க்கும்போது ஸ்ருதி வழுக்கிக்கொண்டே போகும். அடி விழும் இடத்தில் வெட்டினால் அந்த உறுமல் பாதியில் செத்துவிடும். உறுமல் அடங்கிய பிறகு வெட்டி, 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய, மற்றது எழும் இணைப்பு) வைக்க வேண்டும். மேளக்காரர்கள் மெட்ரோனோமுக்கு வாசிப்பவர்கள் அல்ல, வேகம் ஏறும். நிமிடத்துக்கு 118 அடியில் வாசித்ததை 124க்கு வேகப்படுத்தினால் ஸ்ருதி ஏறக்குறைய 0.86 அரைச்சுரம் மேலே போகும், பேஸோடு உரசும். அடியில் கனமான கிக் (தாழ்ந்த டிரம் அடி) வைத்தால் இன்னும் மோசம்: இரண்டும் ஒரே தாழ்ந்த அலைவரிசைக்கு அடித்துக்கொள்ளும். 'பாய்ஸ்' பாட்டில் உறுமிக்கு இடம் விட்டு மற்றவற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். வாத்தியத்தின் குணம் தெரியாமல் அது நடக்காது.

தாளக்கணக்கு:
'பர்ட் ஃப்ளூ'வில் இருப்பது 2003இல் வந்த 'ஜெயம்' படத்தின் 'திருவிழான்னு வந்தா' சாம்பிள். 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'. 'ஜிம்மி' பப்பி லஹரியின் மெட்டு. இதில் மாயா எங்கே?

உறுமி_இழுவை:
தேர்விலே. 'காட்டுக்குயிலு'வைக் கேட்கிற எவரும் முதலில் பிடிப்பது இரண்டு குரல்களின் மெட்டை. அதை விட்டுவிட்டுத் தாளத் துண்டை எடுத்து, மேலே அமெரிக்க ராக் பாடகர் ஜோனதன் ரிச்மேனின் 'ரோட்ரன்னர்' வரிகளை ஏற்றுவது லண்டன் தயாரிப்பாளருக்குத் தோன்றுகிற யோசனை இல்லை.

ஐந்நூற்றைந்து:
'பேப்பர் பிளேன்ஸ்' விஷயமும் அப்படித்தான். லூப் த கிளாஷ்ங்கற ராக் இசைக்குழுவோடது, அவங்க நாலு பேருக்கும் எழுத்துப் பங்கு போகுது. சாம்பிள்னா ஒலிப்பதிவு உரிமை, பாட்டு உரிமை ரெண்டுமே வாங்கணும்; திரும்பப் பாடினா பாட்டு உரிமை மட்டும் போதும். லூப் அவரோடது இல்லைன்னு நானே ஒத்துக்கறேன். ஆனா பல்லவியில வார்த்தை வர வேண்டிய இடத்துல நாலு துப்பாக்கிச் சத்தம், அப்புறம் தோட்டா ஏத்தறது, கல்லாப்பெட்டி. டேவிட் லெட்டர்மேனோட அமெரிக்க டிவி நிகழ்ச்சியில அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை மாத்தினப்போ பாட்டே நொண்டிச்சு. அது அலங்காரமில்லை, வரியோட பாதி.

தாளக்கணக்கு:
அந்தச் சத்தங்கள் வரியின் பாதி என்பது சரி. ஆனால் அந்தப் பாட்டு அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான ஹாட் 100இல் 4ஆம் இடம் வரை போனது 2008இல் ஒரு ஹாலிவுட் பட டிரெய்லரில் வந்த பிறகு. கேட்பவர் காதில் முதலில் விழுவது கிளாஷ் லூப்தான்.

உறுமி_இழுவை:
தயாரிப்பாளர்தான் எல்லாம் என்றால் ஆள் மாறும்போது குரலின் நடை மாற வேண்டுமே? 'பேட் கேர்ள்ஸ்' முதலில் 'விக்கி லீக்ஸ்' மிக்ஸ்டேப்பில் (ஆல்பமாக இல்லாமல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பு) குட்டியாக வந்தது, 2012இல் முழுப்பாட்டானது. டான்ஜாவின் பளபளப்பான பீட்டிலும் அதே சோம்பல் நடைதான், அடிக்குச் சற்றுப் பின்தங்கி விழும் அதே சொற்கள்.

தாளக்கணக்கு:
உறுமி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். 'பேப்பர் பிளேன்ஸ்' லூப்பை விட்டுத் தரமாட்டேன்.